விளையாட்டறமும் ஊக்கமருந்தும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் அமைந்த பழைய ஊர்களிலே, கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்து நெடுங்காலமாக வழங்கிவந்த விளையாட்டு ஒன்றுண்டு. கொம்பு விளையாட்டு என்பது அதன் பெயர். ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வளைந்த வைர மரக் கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பிணித்து, இரு சாராரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எவருடைய கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவராவர். மழை வளம் குன்றிய காலத்தும் கொடிய நோய் பரவிய காலத்தும் அம்மனின் சீற்றம் தணிதல் வேண்டி ஆடப்பட்ட விளையாட்டாதலின், அதனை எவரும் வெறும் பொழுதுபோக்காக எண்ணவில்லை. வென்றவரும் தோற்றவரும் ஒரே தெய்வத்தின் முன்னிலையில் நின்றனர். அத்தகைய களத்திலே வஞ்சனையால் வரும் வெற்றி வெற்றியாகாது என்பதை எடுத்துரைக்கத் தனியே ஒரு சட்டம் வேண்டியிருக்கவில்லை.

இன்றைய விளையாட்டுலகின் நிலை வேறு. களத்தின் நேர்மையைக் காப்பதற்குச் சட்டமும், ஆய்வுகூடமும், நீதிமன்றமும் வேண்டியனவாயின. அவற்றோடு, இவற்றையெல்லாம் இளம் வீரர்க்கு எடுத்து விளக்குவதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒரு புதிய வகுப்பினரும் தோன்றியுள்ளனர். ஊக்கமருந்து எதிர்ப்புக் கல்வியாளர் என அவரைக் கூறலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தொழில் ஒன்று உண்டென்று எவரும் எண்ணியிரார். அது தோன்றிய வரலாற்றையும், கீழ்மாகாணத்து இளைஞருக்கு அதனால் விளையக்கூடிய நன்மையையும் ஆராய்தல் பயனுடையதாகும்.

விளையாட்டிலே வஞ்சனை இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்க நாட்டின் ஒலிம்பியா நகரில், விளையாட்டரங்கிற்குச் செல்லும் வழியோரத்தே சியசுத் தெய்வத்தின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிறுவப்பட்டிருந்தன. போட்டியில் வஞ்சனை செய்து பிடிபட்டோரிடம் அறவிட்ட தண்டப் பணத்தாலேயே அவை வார்க்கப்பட்டன. அவற்றுள் முதற்சிலைகள் கி.மு. 388ஆம் ஆண்டில், எதிரிகளுக்குக் கையூட்டளித்து வென்ற குத்துச்சண்டை வீரன் ஒருவனின் குற்றத்தால் எழுந்தவை. அரங்கினுள் நுழையும் ஒவ்வோர் இளைஞனும் அச்சிலைகளைக் கண்டே நுழைதல் வேண்டும். தண்டனையைக் கொண்டே கல்வி புகட்டிய பழைய முறை அது.

மருந்தினால் வலுவூட்டிக்கொள்ளும் வழக்கம் நவீன ஒலிம்பிக்கின் தொடக்க காலத்திலேயே தலைகாட்டியது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் நடந்த மரதன் ஓட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தவர், இடைவழியில் மோட்டார் வண்டியேறிப் பயணஞ் செய்தமை வெளிப்பட்டதால் நீக்கப்பட்டார். அடுத்து வந்த தோமஸ் ஹிக்ஸ் என்பவருக்கே வெற்றி உரியதாயிற்று. அவர் தளர்ந்து வீழும் நிலையடைந்தபோது உடன்சென்றோர் எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சினைச் சிறிதளவாகப் பிராந்தியோடு புகட்டியே அவரை ஓடச் செய்தனர். வண்டியேறியது குற்றமெனக் கொண்ட நடுவர், நஞ்சு புகட்டியதைக் குற்றமெனக் கருதவில்லை. அதனைத் தடுக்கும் விதி அன்று இல்லை. 1928ஆம் ஆண்டில் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் ஊக்கிகளைத் தடைசெய்தது. எனினும், சோதித்தறியும் வழி காணாத காலமாகலின், அத்தடை ஏட்டளவிலேயே நின்றது.

உயிரிழப்புகளே உலகின் கண்ணைத் திறந்தன. 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கிலே டென்மார்க்கு நாட்டுச் சைக்கிளோட்ட வீரர் கனுட் ஜென்சன் போட்டியிடையே வீழ்ந்து உயிர் நீத்தார். அவரது மரணத்திற்குக் கடும் வெயில் காரணமா, மருந்து காரணமா என்பதில் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபட்டாலும், அந்நிகழ்ச்சி உலகினரைத் திடுக்கிடச் செய்தது. 1967ஆம் ஆண்டு யூலையில் ஆங்கில வீரர் ரொம் சிம்சன் பிரான்சு நாட்டின் மலைப்பாதையொன்றில் சைக்கிளோட்டத்தின்போதே மாண்டார். அவர் உடலில் அம்பெற்றமின் என்னும் ஊக்கி காணப்பட்டது. அவ்வாண்டிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழு மருத்துவ ஆணைக்குழுவொன்றை அமைத்தது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் சோதனை தொடங்கிற்று. மெக்சிக்கோவில் முதன்முதலாகத் தகுதி நீக்கப்பட்டவர் சுவீடன் நாட்டு வீரர் ஒருவர். துப்பாக்கி சுடுவதற்கு முன்னே நடுக்கம் தீர்வதற்காக அவர் அருந்திய மதுவே குற்றமாயிற்று. அவரால் அவர்தம் குழுவினரும் வெண்கலப் பதக்கத்தை இழந்தனர்.

தனிமனிதர் செய்த பிழை ஒருபுறமிருக்க, அரசே முன்னின்று செய்த கொடுமையையும் வரலாறு கண்டுள்ளது. கிழக்கு ஜெர்மனியில் 1970களிலும் 1980களிலும் பல்லாயிரம் விளையாட்டு வீரருக்கு, அவருட் பலர் பருவமெய்தாச் சிறுமியர், உயிர்ச்சத்து மாத்திரை என்று கூறி ஆண்மைச் சுரப்பினை ஒத்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. பதக்கங்கள் குவிந்தன. அம்மாத்திரைகளை உண்ட பெண்களுட் பலர் பிற்காலத்தே ஈரல் நோயும், குழந்தைப் பேற்றிற் குறையும், மன வேதனையும் எய்தினர். பயிற்றுநரை நம்பிக் கையேந்தி வாங்கிய மாத்திரை அது. தம் ஆசிரியர் தருவதை ஐயுறாது வாங்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உளர் என்பதை நினைக்கும்போது, இக்கதை வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றாது.

1988ஆம் ஆண்டு சியோல் நகரில் நூறு மீற்றர் ஓட்டத்தை 9.79 விநாடியில் ஓடி உலகை வியப்பில் ஆழ்த்திய கனடா நாட்டு வீரர் பென் ஜோன்சன், மூன்று நாட்களுக்குள் பதக்கமிழந்து நாடு திரும்பினார். 1998ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சைக்கிளோட்டப் போட்டியிலே ஒரு குழுவின் வண்டி நிறைய மருந்து பிடிபட்டது. ஒவ்வொரு விளையாட்டுச் சங்கமும் தன் வீரரைத் தானே சோதித்துத் தானே தீர்ப்பளிக்கும் முறை போதாதென்பது அப்போது தெளிவாயிற்று. அதன் பயனாக 1999ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் நிறுவப்பெற்றது. எல்லா நாட்டிற்கும் எல்லா விளையாட்டிற்கும் பொதுவான விதிக்கோவை 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இது பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது.

இனி இலங்கையின் கதையை நோக்குவோம். இந்நாடு ஒலிம்பிக்கில் பெற்ற பதக்கங்கள் மிகச் சில. 1948ஆம் ஆண்டு இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். தமிழ் மக்களுள் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கைக்கு முதற்றங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். ஒலிம்பிக்கிலோ வைற்றிற்குப் பின் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வெறுமையாகவே கழிந்தன.

2000ஆம் ஆண்டு செப்ரெம்பரில் சிட்னி நகரிலே கேகாலை மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்ணான சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்று அவ்வெறுமையை நீக்கினார். அவர் ஓடிய நேரம் 22.28 விநாடி. இரண்டாமிடம் பெற்ற பகாமாசு வீராங்கனைக்கும் அவருக்கும் இடையே இருந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கே. முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஏழாண்டுகள் சென்றன. 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருடைய சிட்னிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு டிசம்பரிலே சர்வதேச ஒலிம்பிக் குழு சுசந்திகாவை இரண்டாமிடத்திற்கு உயர்த்திற்று.

நீதி கிடைத்தது உண்மையே. ஆயினும் பதினாயிரக்கணக்கானோர் பார்த்திருக்க மேடையின் மேற்படியில் நிற்கும் அந்த நாழிகையை எவராலும் மீட்டுத் தர முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பிறர் கழுத்தில் தொங்கிய பெருமை, ஓடுகளத்தை விட்டு அகலும் பருவத்திலேயே அவரை வந்தடைந்தது. இதே சுசந்திகா 1998ஆம் ஆண்டில் தாமே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் துயரையும் வஞ்சிக்கப்பட்டவரின் துயரையும் ஒருவரே அனுபவித்த வரலாறு இது. ஊக்கமருந்தினால் யாருக்கு என்ன தீங்கு என்று வினவுவோருக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று செய்திகள் மூன்று வெவ்வேறு பாடங்களைக் கற்பிக்கின்றன.

முதலாவது, 2010ஆம் ஆண்டு தில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவைச் சார்ந்தது. குத்துச்சண்டையில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றபோது, 1938ஆம் ஆண்டில் பார்னி ஹென்றிக்கஸ் பெற்ற தங்கத்திற்குப் பின் எழுபத்திரண்டு ஆண்டு கழித்து அவ்விழாவின் குத்துச்சண்டையில் இலங்கைக்குக் கிடைத்த தங்கம் அதுவென நாடு கொண்டாடியது. பின்னர் அவருடைய மாதிரியில் நான்ட்ரலோன் என்னும் பொருள் காணப்பட்டது. பதக்கம் வேல்ஸ் நாட்டு வீரருக்குச் சென்றது. கொண்டாடிய வாய்களே தூற்றத் தொடங்கின.

இரண்டாவது, கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் கதை. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின்போது எடுக்கப்பட்ட மாதிரியில் பிரெட்னிசோலோன் வகை மருந்து காணப்பட்டது. தோட்பட்டை நோவுக்காக அவர் கொண்ட நாட்டு மருந்திலே அப்பொருள் கலந்திருந்தது. ஆட்டத்திறனைப் பெருக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதை விசாரணை செய்தோர் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. உடலினுள் புகுந்த பொருளுக்கு வீரரே பொறுப்பாளி என்பது உலக விதிக்கோவையின் அடிப்படை. அறியாமை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது.

மூன்றாவது, குசல் பெரேராவின் கதை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் இவர் இடைநிறுத்தப்பட்டார். கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் தந்த முடிவினை ஏற்காது, விஞ்ஞானிகளின் துணைகொண்டு அதனை மறுத்தார். முடிவு நிலைக்கத்தக்கதன்று என்பது வெளிப்படவே, 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டினை மீளப்பெற்றது. ஆய்வுகூடமும் பிழைபடக் கூடும் என்பதும், தம் உரிமையை அறிந்தவரே தம் பெயரைக் காத்துக்கொள்ள இயலும் என்பதும் இதனாற் பெறப்படும். அவருக்குப் பின்னே கிரிக்கெட் நிறுவனமும் சட்ட வல்லுநரும் நின்றனர். வாவிக்கரை ஊரொன்றிலிருந்து வெறுங்காலோடு ஓடிவரும் மாணவனுக்குப் பின்னே நிற்பவர் யார்?

2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கையில் ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம் சட்ட வலிமை பெற்றது. மாதிரி சேகரித்தலும், விசாரணைக்கு வழி செய்தலும், கல்வி புகட்டலும் அதன் கடமைகள். நாட்டினுள் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இன்மையால் மாதிரிகள் வெளிநாட்டிற்கே அனுப்பப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் பெருஞ்செலவாகும். எல்லோரையும் சோதித்தல் எந்நாட்டாலும் இயலாது. சோதிக்க இயலாதவரையும் சென்றடையக் கூடியது கல்வி ஒன்றே.

இவ்வுண்மையை உலக முகவரகமும் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. 2021ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம் கல்விக்கெனத் தனியான சர்வதேச நியமம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஊக்கமருந்து எதிர்ப்புப் பற்றி ஒரு வீரர் பெறும் முதல் அனுபவம் சோதனையாக இருத்தலாகாது, கல்வியாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. ஒலிம்பியாவின் தண்டச் சிலைகளை எண்ணிப் பார்ப்போர், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளில் மனித சிந்தனை எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதை உணர்வர்.

இக்கொள்கையின் பயனாகவே ஊக்கமருந்து எதிர்ப்புக் கல்வி தனித்தொழிலாக மலர்ந்தது. விளையாட்டு விஞ்ஞானம், மருந்தியல், தாதியியல், உடற்கல்வி ஆகியவற்றுள் ஒன்றைக் கற்ற இளம் பட்டதாரி இத்துறையிற் புகலாம். உலக முகவரகம் இணையவழியே இலவசமாகப் பாடங்களை நடத்துகின்றது. இத்தகையோரின் பணி மேடையேறி நீதி கூறுவதோடு முடிவதன்று. ஆண்டுதோறும் சனவரி முதலாம் நாள் புதுப்பிக்கப்படும் தடைப் பட்டியலைக் கற்று விளக்குதல் வேண்டும். நோயுற்ற வீரருக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து இன்றியமையாததாயின், சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழியைக் காட்டுதல் வேண்டும். மூச்சிழுப்பு நோய்க்குரிய சல்பியூட்டமோல் ஆவி மருந்து குறித்த அளவிற்குள் அனுமதிக்கப்பட்டது, அளவு மீறின் குற்றமாவது போன்ற நுட்பங்களைத் தெளிவுறுத்தல் வேண்டும்.

சோதனைக்கு அழைக்கப்பட்டவரின் உரிமைகளும் அப்பாடத்துள் அடங்கும். வந்தவர் தம் அடையாள அட்டையைக் காட்டுமாறு கேட்கலாம். தமக்கு வேண்டியவர் ஒருவரை உடன் வைத்திருக்கலாம். போத்தல்களின் முத்திரை சிதையாதிருத்தலைத் தாமே பார்க்கலாம். ஐயம் எதுவாயினும் படிவத்தில் எழுதலாம். மாதிரி இரு போத்தல்களிற் பகுக்கப்படும். முதற்போத்தல் குறை காட்டினால் இரண்டாவதையும் திறந்து ஆராயுமாறு கோரலாம். இவற்றை அறிந்த பிள்ளை அஞ்சி ஓடாது. அறியாத பிள்ளை அச்சத்தினால் மறுத்துவிடின், மறுத்தலே பெருங்குற்றமாக முடியும்.

மட்டக்களப்புப் பிரதேசம் விளையாட்டில் வளமான மரபுடையது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியிலும் வெளியிலும் விளையாட்டை வளர்த்தார். நகரின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதே சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றினார். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ற் 15ஆம் நாள் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்பு நோக்கித் திரும்புகையில் அவர் காணாமற் போனார். போர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மைதானங்களை வெறுமையாக்கிற்று. 2004ஆம் ஆண்டின் கடற்கோள் கரையோரப் பாடசாலைகளை வாரிச் சென்றது. 2009ஆம் ஆண்டின் பின்னரே ஒரு புதிய தலைமுறை அச்சமின்றி ஓடத் தொடங்கிற்று.

அத்தலைமுறைக்குப் பல வழிகளிற் சோதனை காத்திருக்கின்றது. உடற்பயிற்சிக் கூடங்களும் சத்து மா விற்போரும் சிறு நகரங்களையும் எட்டியுள்ளனர். தகரத்தின் மேல் எழுதப்பட்டிருப்பது வேறு, உள்ளே கலந்திருப்பது வேறாக அமைதல் உலகெங்கும் காணப்பட்ட உண்மை. மாகாண மட்டத்தில் வெற்றி பெறின் தேசிய அணியும், அரச சேவையில் இடமும், பல்கலைக்கழக அனுமதியில் வாய்ப்பும் கிட்டக்கூடும் என்னும் நிலையில், வறிய குடும்பத்துப் பிள்ளையின் ஆசையை எவர் குறை கூற வல்லார்? குறுக்கு வழி காட்டுவோரே குறை கூறத்தக்கவர்.

நாட்டு வைத்தியம் உயிரோடு வழங்கும் பிரதேசம் இது. பரிசாரியார் தரும் எண்ணெய்க்கும் கசாயத்திற்கும் இங்கு நெடிய மதிப்புண்டு. அம்மரபினை இகழ்தல் அறிவுடைமையாகாது. கையால் இடித்த மூலிகைச் சூரணத்தில் மேனாட்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் சிலரது செயலே தீமை பயப்பது. தரங்கவுக்கு நேர்ந்த இடர் எந்த ஓட்ட வீரருக்கும் நேரலாம். திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்றுவரும் இளம் வைத்தியர்களும், இக்கல்வியாளரும் கைகோத்து, வீரருக்கு ஏற்ற மருந்து எது, ஆகாதது எது எனத் தெளிவாக்குவாராயின், அது பழமைக்கும் புதுமைக்கும் பாலமாகும்.

யாவற்றிலும் முதன்மையானது மொழி. தடைப் பட்டியலும் விதிக்கோவையும் பிறமொழிகளிலேயே பிறந்தவை. நோவு தீர்க்கும் மாத்திரையின் உறையிலே உள்ள சிற்றெழுத்தை வாசித்தறிய இயலாத மாணவனிடம், நீயே பொறுப்பாளி என்று விதி கூறுகின்றது. பொறுப்பினைச் சுமத்துவோர் அறிவினையும் அவன் தாய்மொழியில் வழங்குதல் நீதி. காரைதீவிற் பிறந்து கல்லடி உப்போடையிலே 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிலைநிறுத்திய சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானம் தமிழிற் பயிலப்படுதல் வேண்டுமென உழைத்தவர். அவர் பிறந்த மண்ணிலே மருந்தியலையும் விளையாட்டறத்தையும் எளிய தமிழில் எடுத்துரைக்கும் இளைஞர் தோன்றுவது மரபுக்கு ஏற்ற செயலேயாம்.

இப்பணியில் புகுவோருக்குக் கைதட்டலும் பதக்கமும் இல்லை. அவர் கற்பித்ததன் பயன், நிகழாத குற்றமாகவும் சிதையாத உடலாகவும் இழக்கப்படாத நற்பெயராகவும் அமைவதால், அதனை எவரும் எண்ணிக் காட்டவும் இயலாது. ஆசிரியத் தொழிலின் இயல்பே அதுதான். ஒரு பாடசாலையிலே உடற்கல்வி ஆசிரியரும், பெற்றோரும், மருந்துக் கடைக்காரரும் ஒருமுறை கூடியிருந்து இவற்றைக் கேட்பாராயின், அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் காக்கப்படுவர். ஒரு மாத்திரையை வாயிலிடுமுன், இதிலே என்ன இருக்கின்றது என்று வினவும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றுமாக. அவ்வாறு வினவிப் பழகிய பிள்ளை வெல்லினும் தோற்பினும், அப்பெறுபேறு முற்றிலும் அதற்கே உரியதாகும்.